‘சுமார் 47 வயதுள்ள’ பாட்டி

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் கரூர் வண்டி ஏறினேன். உட்கார இடமில்லை. முக்கொம்பு தாண்டுவதற்குள் கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து, “நீங்க உக்காருங்கம்மா” என்றாள். “பரவால்லம்மா, நீ உக்காரு” என்று சொல்லிவிட்டுக் குளித்தலை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். இடது முழங்கால் வலித்துக்கொண்டுதான் இருந்தது. எனக்கு 54 வயது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டதே என்ற எண்ணம் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் உறுத்தியது.

ஊருக்குப் போனது வயலுக்குப் பட்டா மாற்றும் வேலையாக. மூலப்பத்திரம் வேண்டுமென்று தகரப் பெட்டியைக் குடைந்ததில் 1979-ஆம் வருடத்துக் கிரயப் பத்திரம் ஒன்று அகப்பட்டது. காலஞ்சென்ற இன்னாரின் மனைவி, “சுமார் 47 வயதுள்ள” இன்னார் என்று ஆரம்பித்தது. கடைசிப் பக்கத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை. அது என் அப்பாயி, அப்பாவின் அம்மா.

1979-இல் எனக்கு 8 வயது. அப்பாயி என்றதும் எனக்கு நினைவில் எழுவது வெள்ளைப் புடவை, ரவிக்கை போடாத தோள், வெற்றிலை இடிக்கும் சின்ன இரும்பு உரல், திண்ணைத் தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் உருவம். கிழவி படம் வரையச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தால் அவளைத்தான் வரைந்திருப்பேன். பத்திர எழுத்தர் குத்துமதிப்பாகப் போட்ட வயதுதான், இரண்டு மூன்று கூடக்குறைய இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் இன்றைக்கு இருக்கும் என்னைவிட அன்றைக்கு அவள் சின்னவள்.

பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் கிழவி என்றால் நான் யார்? நான் கிழவி இல்லையென்றால் அவளை ஏன் அப்படிப் பார்த்தேன்?

இந்தக் கேள்வியை ஜெர்மனியில் கால் நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்நாட்டின் முதுமைக் கணக்கெடுப்பு 1996-இல் தொடங்கியது. 1911 முதல் 1974 வரை பிறந்த 14,056 பேரிடம், ஒரே ஆட்களிடம் பல ஆண்டு இடைவெளியில் 2021 வரை திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: “எந்த வயதிலிருந்து ஒருவரை முதியவர் என்று சொல்வீர்கள்?” பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க்குஸ் வெட்ஷ்டைனும் உடன் ஆய்வாளர்களும் அந்த விடைகளை அலசி 2024-இல் வெளியிட்டார்கள். 64 வயதில் இருப்பவர் சராசரியாகச் சொன்ன முதுமை வயது 74.7. அதே ஆள் 74-ஐத் தொடும்போது விடை 76.8 ஆகிவிடுகிறது. நமக்கு நாலைந்து வயது ஏறினால், முதுமையின் தொடக்கத்தை ஒரு வயது தள்ளி வைத்துவிடுகிறோம்.

கணக்கைக் கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். எல்லைக்கல்லை நகர்த்திக்கொண்டேதான் போகிறோம்; ஆனால் நாம் நடக்கும் வேகம் அதைவிட அதிகம். 64-இல் பத்தே முக்கால் வருடம் தூரத்தில் இருந்த கல், 74-இல் மூன்று வருடத்துக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. என்றைக்காவது அதைத் தாண்டத்தான் போகிறோம்.

தனி ஆளின் மனம் மட்டும் இப்படி நகரவில்லை, தலைமுறையும் நகர்ந்திருக்கிறது. 1911-இல் பிறந்தவர்களின் 65-ஆவது வயதுக்கு ஆய்வு கணக்கிட்ட விடை, முதுமை 71-இல் தொடங்குகிறது என்பது. 1956-இல் பிறந்தவர்களுக்கு அதே 65 வயதில் விடை 74. ஆயுள் கூடியிருக்கிறது, 65-இல் ஓடியாடுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள், வேலையிலிருந்து ஓய்வு பெறுவதும் தள்ளிப்போயிருக்கிறது. ஆனாலும் அண்மைய தலைமுறைகளில் இந்த நகர்வு மெதுவாகிவிட்டது என்பதையும் ஆய்வு சொல்கிறது. பெண்கள் ஆண்களைவிட 2.4 வருடம் தள்ளிச் சொன்னார்கள். தனிமையில் இருப்பவர்களும் உடல்நலம் குன்றியவர்களும் முன்கூட்டியே சொன்னார்கள்.

ஜெர்மன் கணக்கெடுப்பில் இளையவர்கள் இல்லை, 40 வயதுக்கு மேற்பட்டவர்கள்தான். அந்த இடத்தை அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2009-இல் நடத்திய கருத்துக்கணிப்பு நிரப்புகிறது. 30 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் 60-இலேயே முதுமை தொடங்கிவிடுகிறது என்றார்கள். 65-ஐத் தாண்டியவர்கள் 74 என்றார்கள். 75 வயதைக் கடந்தவர்களிடம் “நீங்கள் முதுமை அடைந்துவிட்டதாக உணர்கிறீர்களா” என்று கேட்டபோது, ஆமாம் என்றவர்கள் 35 சதவீதம்தான்.

இதற்கு ஈடாக இன்னொரு கணக்கு உண்டு. உளவியலாளர்கள் டேவிட் ரூபினும் டோர்த்தே பெர்ன்ட்சனும் 2006-இல் வெளியிட்டது. டென்மார்க்கில் 20 முதல் 97 வயது வரையுள்ள 1,470 பேரிடம், “உள்ளுக்குள் எத்தனை வயதாக உணர்கிறீர்கள்” என்று கேட்டார்கள். 25-க்குக் கீழ் இருப்பவர்கள் தங்களைக் கொஞ்சம் பெரியவர்களாக உணர்ந்தார்கள். 40-ஐத் தாண்டியவர்கள் உண்மை வயதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டார்கள். என் கணக்குக்கு அது 43 வருகிறது. அந்தப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தவள் 43 வயதுக்காரி. எழுந்து இடம் கொடுத்த பெண்ணுக்குத் தெரிந்ததோ 54.

ஏன் இப்படி? எட்டு வயதுப் பிள்ளைக்கு 47 என்பது தன் ஆயுளைப் போல ஆறு மடங்கு. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் 47-க்கும் 70-க்கும் வித்தியாசம் தெரியாது. கிட்டே போகப் போகத்தான் அந்தப் பரப்பில் மேடும் பள்ளமும் தெரிய ஆரம்பிக்கும். இது எளிதான பாதி.

மற்ற பாதி அவ்வளவு எளிதாகச் சொல்லக்கூடியதில்லை. முதியோர் என்று நாம் ஒதுக்கி வைத்த கூட்டத்துக்குள் நாமே நுழையும் நேரம் வருகிறது. அந்தக் கூட்டத்தைப் பற்றி மனசில் மரியாதை இருந்திருந்தால், வாசலைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர் 1969-இல் வயதைக் காரணம் காட்டி மனிதரை ஒதுக்கும் மனப்போக்குக்குத் தனிப் பெயரே வைத்தார். மற்ற ஒதுக்கல்களுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. இங்கே ஒதுக்குகிறவர், உயிரோடு இருந்தால், ஒருநாள் ஒதுக்கப்படுகிறவராகவும் ஆகிறார்.

தமிழில் இந்த மாற்றம் எண்ணாக வந்து சேர்வதைவிட விளிச்சொல்லாகத்தான் வந்து சேர்கிறது. அக்கா, ஆன்ட்டி, அம்மா, பாட்டிம்மா. ஆணுக்கு அண்ணா, அங்கிள், ஐயா, பெரியவரே. யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைக் காய்கறிக்காரரும் ஆட்டோக்காரரும் ஒரே பார்வையில் முடிவுசெய்து கூப்பிட்டுவிடுகிறார்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. நம்மூரில் பேர் தெரியாதவரைக் கூப்பிட உறவுமுறையை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் வயதையும் சேர்த்தே சொல்கிறார்கள். முதல் தடவை “அக்கா” போய் “அம்மா” வந்த நாள் பெரும்பாலான பெண்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு அது ஒரு தையல் கடை வாசலில் நடந்தது, 41 வயதில்.

சொற்களின் கதி இன்னும் கவனிக்க வேண்டியது. தொல்காப்பியத்தில் அகத்திணைத் தலைவனுக்குக் கிழவன் என்றும் தலைவிக்குக் கிழத்தி, கிழவோள் என்றும் பெயர். கிழமை என்றால் உரிமை. காதலுக்கு உரியவன் கிழவன், நல்ல வாலிபன். அந்தச் சொல் காலப்போக்கில் வயதானவரைக் குறிக்க வந்து, இப்போது நேருக்கு நேர் சொன்னால் வசவாகிவிடும் நிலைக்கு இறங்கியிருக்கிறது. அதனால்தான் அரசு ஆவணங்களில் “மூத்த குடிமக்கள்” என்று மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வார்த்தையும் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. உள்ளே இருக்கும் எண்ணம் மாறாதவரை மேலே எந்தச் சொல்லைப் போர்த்தினாலும் அது சீக்கிரம் அழுக்காகிவிடும்.

சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பிரிக்கின்றன: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பேரிளம்பெண்ணுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வயது 32 முதல் 40 வரை. அதற்கு மேல் பெயரே வைக்கவில்லை. வீதியுலா வரும் தலைவனைக் கண்டு இந்த ஏழு பருவப் பெண்களும் மயங்குவதாக உலாப் பாடும் புலவனுக்கு அதற்குமேல் பெண் தேவைப்படவில்லை என்று காரணம் சொல்லலாம். 47 வயது அப்பாயி அந்தப் பட்டியலுக்கு வெளியே ஏழு வருடமாக நின்றுகொண்டிருந்தாள்.

அவளைக் கிழவியாக்கியது உடம்பு மட்டுமில்லை என்று இப்போது எனக்குப் படுகிறது. 17 வயதில் பிள்ளை பெற்று, 40 ஆவதற்குள் பேத்தி எடுத்துவிட்டவள். மருமகள் வந்ததும் வண்ணச் சேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஊர்வழக்கம். தாத்தா போனதும் பூ போயிற்று, பொட்டு போயிற்று, கலரும் போயிற்று. திருவிழாவில் பின்வரிசை, கல்யாணத்தில் அடுப்படி. “பேரம்பேத்தி எடுத்தாச்சு, இனி என்ன” என்ற வாசகத்தை மற்றவர்கள் அவளிடம் சொன்னார்கள், பிறகு அவளே சொல்லிக்கொண்டாள். அந்தக் காலத்தில் முதுமை என்பது வீட்டில் ஒருவருக்குக் கொடுக்கப்படும் ஓர் இடம். எந்த வயதில் கொடுப்பது என்பதை மற்றவர்கள் முடிவு செய்தார்கள். விதவைக்குச் சீக்கிரமே கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் ஆயுளே குறைவு, அதனால்தான் 47-இலேயே கிழவி என்று சிலர் சொல்வார்கள். பாதிதான் சரி. விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 அளவில் இருந்தது, இப்போது 70-ஐ ஒட்டி இருக்கிறது. ஆனால் 32 வயதில் எல்லோரும் தளர்ந்து விழுந்தார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. கைக்குழந்தைகள் ஏராளமாகச் செத்ததால் சராசரி அவ்வளவு தாழ்ந்திருந்தது. தப்பிப் பிழைத்து வளர்ந்தவர்களில் 70, 80 பார்த்தவர்கள் அன்றும் இருந்தார்கள். அப்பாயியே 81 வரை இருந்தாள். கிழவி என்ற பட்டத்தோடு அவள் வாழ்ந்தது முப்பத்து நாலு வருடம், ஆயுளில் பாதிக்குச் சற்றுக் குறைவு.

அரசாங்கக் கோடு 60. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 அந்த வயதைத்தான் சொல்கிறது. இந்தக் கோடுகளும் நகர்கின்றன. தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-லிருந்து 2020-இல் 59 ஆகி, 2021-இல் 60 ஆனது. உலகத்துக்கே முன்மாதிரியான ஜெர்மனியின் 1889-ஆம் வருடத்து முதியோர் காப்பீட்டுச் சட்டத்தில் வயது 70, பின்னர் 1916-இல் அதை 65-ஆகக் குறைத்தார்கள். கோட்டை நிதிநிலையும் அரசியலும் தீர்மானிக்கின்றன. நரைமுடிக்கு அதில் பெரிய பங்கு கிடையாது.

நம் மரபில் 60-க்கு வேறு பொருளும் இருந்தது. பிரபவ தொடங்கி அட்சய வரை 60 வருடங்கள் ஒரு சுற்று. பிறந்த வருடத்தின் பெயர் மறுபடி வரும்போது மணிவிழா. திருக்கடையூரில் எந்த முகூர்த்த நாளில் போனாலும் 60-க்கும் 80-க்கும் மாலையும் கழுத்துமாகத் தம்பதிகள் உட்கார்ந்திருப்பார்கள், கணவர் மறுபடி தாலி கட்டுவார், பேரப்பிள்ளைகள் சுற்றிலும் நிற்பார்கள். ஒரு சுற்று முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. தம்பதியாக இருப்பவர்களுக்குத்தான் அது. அப்பாயிக்கு 60 வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

உடல் உழைப்பால் பிழைக்கிறவர்களிடம் கேட்டால் எண் வேறாக வரும். எங்கள் ஊர் வாழைத்தோட்டத்தில் தார் சுமக்கும் ஆளுக்கு 45-லேயே தோள் போய்விடுகிறது, “வயசாயிடுச்சுக்கா” என்று அவரே சொல்கிறார். அதே சமயம் நூறு நாள் வேலையில் 70 வயதுக்காரிகள் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அந்தத் திட்டத்தில் மேல் வயது வரம்பு வைக்கவில்லை. முதியவர் என்று உணரவும் உரிமை வேண்டும், இல்லையென்று மறுக்கவும் வசதி வேண்டும். எல்லையைத் தள்ளிக்கொண்டே போவது பெரும்பாலும் நிழலில் வேலை பார்க்கிறவர்களுக்கு வாய்க்கிறது. நானும் அவர்களில் ஒருத்தி.

இதுவரைக்கும் சொன்னது எல்லையைப் பற்றி. எனக்குக் கவலை அதற்கு அப்பால் இருக்கும் சித்திரத்தைப் பற்றியது. எல்லையை எத்தனை தடவை நகர்த்தினாலும், அந்தப் பக்கம் இருக்கும் கிழவியின் படத்தை நாம் மாற்றுவதில்லை. எட்டு வயதில் வரைந்த படம் அப்படியே இருக்கிறது. திண்ணை, உரல், நீட்டிய கால். கடைசியில் அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது நம் முகத்தின்மேல் அந்தப் படத்தைத்தான் ஒட்டிக்கொள்கிறோம்.

யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி இதைத்தான் ஆராய்ந்துவருகிறார். சிறுவயதில் முதுமை பற்றிக் கேட்பது எதுவும் நம்மைப் பற்றியதாக இருப்பதில்லை, அதனால் மறுத்துப் பேசாமல் உள்ளே விட்டுவிடுகிறோம். நாற்பது ஐம்பது வருடம் கழித்து அது நம்மைப் பற்றியதாகிவிடுகிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ஸ்போர்டு என்ற சிற்றூரில் 1975-இல் 50 வயதைத் தாண்டியவர்களிடம், வயது ஏற ஏற உங்களால் பயன் குறைகிறதா என்பது போன்ற கேள்விகளைக் கேட்டு வைத்திருந்தார்கள். அவர்களில் 660 பேர் பின்னர் எத்தனை காலம் வாழ்ந்தார்கள் என்பதை அந்த விடைகளோடு லெவி ஒப்பிட்டு, 2002-இல் வெளியிட்டார். தங்கள் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட 7.5 வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். வயது, பொருளாதார நிலை, தனிமை, உடல் இயக்கம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. மனசு வைத்தால் ஆயுள் கூடும் என்று இதை எடுத்துக்கொள்வது தவறு. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதைத்தான் இந்த வகை ஆய்வு காட்டும்.

ஆனால் அந்தத் தொடர்பு எந்த வழியாக வேலை செய்யக்கூடும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அப்பாயிக்கு 60 வயது வாக்கில் கண்ணில் பூ விழுந்தது. கண்புரை, இன்றைக்கு அரை மணி நேர அறுவை சிகிச்சை. அன்றைக்கும் கண் முகாம்கள் இருந்தன. “வயசான கண்ணு அப்படித்தான் இருக்கும்” என்று அவளும் சொன்னாள், நாங்களும் சொன்னோம். அரிசியில் கல் பொறுக்குவதை விரலால் தடவித் தடவிச் செய்தாள். அப்படியே ஒன்பது வருடம் போயிற்று. முப்பது வயதுக்காரிக்குக் கண் மங்கியிருந்தால் மறுநாளே பஸ் ஏற்றிக் கூட்டிப்போயிருப்போம். காது கேட்காதது, தூக்கம் வராதது, யாரோடும் பேசப் பிடிக்காமல் போவது, எல்லாவற்றுக்கும் வயது என்ற ஒரே விடையைச் சொல்லி முடித்துவிடுகிறோம். என் முழங்கால் வலியையும் நான் அந்தக் கணக்கில்தான் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன்.

படத்தில் விட்டுப்போனதும் நிறைய இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் 21 வயதில் விபத்தில் சிக்கி, மூதாட்டிகள் நிறைந்த எலும்பு முறிவுப் பிரிவில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். படுக்கையில் கிடந்த இளம்பெண்ணான தனக்கும் பக்கத்துக் கட்டில் மூதாட்டிக்கும் மனசளவில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அவருக்கு அங்கே புரிந்தது. பின்னாளில் அவர் சொன்ன கருத்து இது: மனிதர் எதைத் தேடுவார் என்பதைத் தீர்மானிப்பதில், கழிந்த வயதைவிட எஞ்சியிருப்பதாக அவர் உணரும் காலத்துக்குப் பங்கு அதிகம். காலம் நிறைய இருக்கிறது என்று தோன்றினால் புது ஆட்களையும் புது அறிவையும் தேடுவோம். குறைவு என்று தோன்றினால் மனசுக்கு நெருங்கிய நாலு பேர் போதும் என்றாகும்.

இதை ஹாங்காங்கில் சோதித்துப் பார்க்க ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. 1997-இல் அந்நகரம் சீனாவின் ஆட்சிக்குத் திரும்பும் நாள் நெருங்கியபோது, ஏதோ முடியப்போகிறது என்ற உணர்வு எல்லோரிடமும் இருந்தது. அப்போது இளைஞர்களும் முதியவர்களைப் போலவே புதியவர்களைவிட்டு நெருக்கமானவர்களோடு நேரம் கழிக்கவே விரும்பினார்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் இளைஞர்கள் பழையபடி மாறியிருந்தார்கள். வயதானவர்களின் உலகம் சுருங்கிவிட்டது என்று நாம் வெளியிலிருந்து பரிதாபப்படுவதில் ஒரு பகுதி, அவர்கள் தேர்ந்தெடுத்துக்கொண்டது. அப்பாயி திண்ணையிலிருந்து எழுந்து எங்கும் போவதில்லை என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் அதே திண்ணைக்கு மூன்று பேர் தவறாமல் வருவார்கள். உரல் கைமாறும், சிரிப்புச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். நான் வரைந்த படத்தில் அந்த மூன்று பேரும் இல்லை, அந்தச் சிரிப்பும் இல்லை.

அம்மாவுக்கு இப்போது 74. ஜெர்மன்காரர்களின் கேள்வியை அம்மாவிடம் கேட்டேன், எந்த வயசுல ஒருத்தி கிழவியாகுறா என்று. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, “அதென்னடி வயசு? எந்திரிச்சுப் போயி சொந்தமாத் தண்ணி மோந்து குடிக்க முடியலையா, அன்னிக்குக் கிழவி” என்றார். அடுத்த தெருவில் 68 வயதில் படுத்துவிட்ட ஒரு பெண்ணைச் சொல்லி, “பாவம், அவ கிழவியாயிட்டா” என்றார். எண்ணாக இருந்தது எந்த இடத்தில் இப்படி உடம்பின் கணக்காக மாறுகிறது என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. 54-இல் நான் இன்னும் எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பட்டா வேலையாகப் போன மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அதே கரூர் வண்டியில் போனேன். அன்றைக்கும் கூட்டம். கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் கனத்த பையுமாக ஒரு பெண் எழுந்து, “பாட்டி, உக்காருங்க” என்றாள். அம்மா உடனே உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு, “பையைக் குடு சாமி” என்று அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். என்ன படிக்கிறாய், விடுதியில் சாப்பாடு எப்படி, எந்த ஊர் என்று பெட்டவாய்த்தலை வருவதற்குள் எல்லாம் கேட்டாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்த பிறகும் பை அம்மா மடியில்தான் இருந்தது, குளித்தலையில் இறங்கும்போதுதான் திருப்பிக் கொடுத்தார்.